பேகன் சமயமும் பௌத்தர் கடமையும்



 

பேகன் என்னும் பெயரைக் கேட்டவுடன், மயிலுக்குப் போர்வை ஈந்த வள்ளலை நினைப்பது தமிழர்க்கு இயல்பு. இங்கே நாம் ஆராயப் புகுவது அவ்வள்ளலைப் பற்றியன்று. மேல்நாடுகளில் இக்காலத்தில் பரவி வரும் ஒரு வழிபாட்டு நெறிக்குப் பேகன் சமயம் என்று பெயர். மரத்தையும் மலையையும், திங்களையும் ஞாயிற்றையும், ஆண் தெய்வத்தையும் பெண் தெய்வத்தையும் போற்றுகின்ற நெறி அது. இதனைப் பற்றிப் படித்த நம் இளைஞர் சிலர் ஒரு வினாவை எழுப்புகின்றனர். "நாகரிகத்தில் முதிர்ந்த ஐரோப்பியரே மரத்தையும் அம்மனையும் நாடித் திரும்புகையில், மாரியையும் முனியையும் விட்டுத் திரிசரணம் ஏற்ற நாம் செய்தது சரிதானா?" என்பதே அவ்வினா. சிரித்துத் தள்ளத்தக்க வினா அன்று இது. வீட்டிலே தாய் ஆடி மாதக் கூழுக்குக் கேழ்வரகு ஊற வைக்க, மகன் பஞ்சசீலம் ஓதுகின்ற குடும்பங்கள் நம்மில் பல உள. ஆதலின் இதனைப் பொறுமையுடன் ஆராய்வோம்.

பெயரும் பிறப்பும்

இலத்தீன் மொழியில் 'பாகானுஸ்' என்பதற்கு நாட்டுப்புறத்தான் என்று பொருள். உரோமப் பேரரசில் கிறிஸ்து சமயம் ஓங்கிய காலத்தில், பழைய தெய்வங்களை விடாதிருந்தவர்களை அப்பெயரால் அழைத்தனர். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் தியோடோசியஸ் பேரரசன் பழைய பலிகளையும் கோயில் வழிபாட்டையும் சட்டத்தால் தடுத்தான். ஐஸ்லாந்து தீவு ஏறக்குறைய கி.பி. 1000-இல் புதிய சமயத்தை ஏற்றது. ஐரோப்பாவில் கடைசியாக மாறிய நாடுகளுள் ஒன்றாகிய லித்துவேனியா 1387-இல் மாறியது. இவ்வாறு ஓர் இழிபெயராய் எழுந்த சொல்லை, இக்காலத்தார் தாமே விரும்பித் தம் பெயராய் ஏந்திக்கொண்டனர். பிறர் சூட்டிய இழிபெயரைச் சுமக்கும் துயரம் இன்னதென நமக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

இக்காலப் பேகன் சமயத்தை எழுப்பியவருள் முதன்மையாகச் சொல்லத்தக்கவர் ஜெரால்டு கார்டினர் என்னும் ஆங்கிலேயர். 1884-இல் பிறந்த இவர், இளமையில் இலங்கைக்கு வந்து தோட்டங்களில் வேலை பார்த்தார். பின்னர் போர்னியோவிலும் மலாயாவிலும் பல ஆண்டுகள் வாழ்ந்தார். அந்நாட்டு மக்களின் மந்திரச் சடங்குகளையும் ஆவி வழிபாட்டையும் ஆர்வத்தோடு கவனித்தார். இங்கிலாந்தில் சூனியச் சட்டம் 1951-இல் நீக்கப்பட்டது. 1954-இல் கார்டினர் தம் நூலை வெளியிட்டார். அவர் பரப்பிய கிளைக்கு 'விக்கா' என்று பெயர். தாம் சொல்வது தொன்மைக் காலம் முதல் மறைவில் வாழ்ந்துவந்த சமயமே என்றார் அவர். வரலாற்றாசிரியர் அதனை ஏற்கவில்லை. நமது உதகமண்டலத்தில் 1953-இல் பிறந்த ரொனால்டு ஹட்டன் என்னும் ஆங்கிலப் பேராசிரியர், இச்சமயம் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டில் புதிதாய் வனையப்பட்டதே என்று 1999-இல் வெளியான தமது நூலில் விரிவாகக் காட்டினார். அதைக் கேட்டும் பேகன்களிற் பலர் மனம் கலங்கவில்லை. "பழையதோ புதியதோ, எங்கள் வாழ்வுக்குப் பயன்படுகிறது" என்பது அவர்கள் விடை. நேர்மையான விடைதான்.

பல கிளைகள்

இச்சமயத்துக்கு ஒரு நிறுவனர் இல்லை. ஒரு வேதம் இல்லை. ஒரு தலைமைப் பீடமும் இல்லை. விக்கா நெறியினர் ஒரு தேவியையும் ஒரு தேவனையும் வணங்குவர். வட்டமாக நின்று சடங்கு செய்வர். துருயிது நெறியினர் ஓக் மரச் சோலைகளிலும் பழங்கால நடுகல் வட்டங்களிலும் கூடுவர். வடபுலத் தெய்வங்களை வணங்குவோர் ஐஸ்லாந்தில் 1972-இல் ஒரு சங்கம் கண்டனர். அடுத்த ஆண்டே அரசின் ஒப்புதலும் பெற்றனர். லித்துவேனியாவில் ரோமுவா என்னும் அமைப்பினர், வேள்வித் தீ மூட்டித் தம் முன்னோரின் பாடல்களைப் பாடுகின்றனர். தெய்வங்கள் பல என்போரும், இயற்கை முழுவதுமே தெய்வம் என்போரும், தெய்வம் என்பது மனத்தின் ஒரு சாயலே என்போரும் இதனுள் அடங்குவர். தெய்வமே இல்லை என்று சொல்லிக்கொண்டு சடங்கை மட்டும் விரும்பிச் செய்வாரும் உண்டு.

பலருக்கும் பொதுவானது ஆண்டின் எட்டு விழாக்கள். பகல் நீண்ட நாள், இரவு நீண்ட நாள், இரண்டும் ஒத்த நாள்கள் இரண்டு, இவற்றுக்கு இடைப்பட்ட நாள்கள் நான்கு என அவற்றைக் கொண்டாடுவர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் ஏறத்தாழ 74,000 பேர் தம்மைப் பேகன் என்று எழுதினர்.

இவர்களிடம் போற்றத்தக்கவை உண்டு. பெண்ணைத் தெய்வ வடிவாய்க் கண்டதோடு நில்லாமல், சடங்கை நடத்தும் தலைமையையும் பெண்ணுக்கு அளித்தனர். காடு அழிவதையும் ஆறு கெடுவதையும் பாவம் என்று கருதினர். விக்கா நெறியின் அறம், எவருக்கும் தீங்கு செய்யாதிருக்கும் வரை ஒருவன் தன் விருப்பப்படி நடக்கலாம் என்பது. அதன் முற்பாதி நம் சீலத்துக்கு அணுக்கமானது. பிற்பாதியிலே நாம் பிரிகின்றோம். விரும்பியது தீங்கற்றதா என்று மட்டும் அவர்கள் கேட்கின்றனர். அவ்விருப்பம் எங்கிருந்து எழுந்தது, எங்கே நம்மை இழுத்துச் செல்லும் என்பதையும் ததாகதர் கேட்கச் சொல்கிறார்.

குறையும் சொல்லியாக வேண்டும். வடபுலத் தெய்வ நெறியினருள் ஒரு சாரார், வெள்ளை இரத்தம் உடையார்க்கே இத்தெய்வங்கள் உரியன என்கின்றனர். அதே தெய்வங்களை வணங்கும் வேறு பலர் அதனை வன்மையாக மறுத்து, யாவர்க்கும் கதவைத் திறந்து வைத்துள்ளனர். மரத்தை வணங்கியவுடன் மனிதனிடம் உள்ள செருக்கு தானே உதிர்ந்துவிடாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நம் ஊர்க் காட்சி

மேல்நாட்டார் இழந்து தேடுவது நம் நாட்டில் இழக்கப்படாமலே இருக்கின்றது. ஜார்க்கண்டின் ஆதிவாசிகள் சால் மரச் சோலையில் வழிபடும் சர்னா நெறியைத் தம் சமயமாக 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் எழுதினோர் ஏறக்குறைய 50 இலட்சம் பேர். குடகு நாட்டில் 'தேவர காடு' எனப்படும் திருக்காடுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை உள. நம் பெங்களூரிலோ அரசும் வேம்பும் பிணைந்து நிற்கும் மேடைதோறும் நாகர் கற்கள். காந்தி நகர்ப் பக்கத்தில் ஊர்த் தெய்வமாகிய அண்ணம்மா வீற்றிருக்கிறாள். சித்திரைப் பௌர்ணமியில் திகளர் பேட்டைத் தர்மராயர் கோயிலிலிருந்து கரகம் புறப்படுகிறது. புடவையும் வளையலும் அணிந்த பூசாரி, மல்லிகையால் மூடிய கரகத்தைத் தலைமேல் தாங்கி இரவு முழுதும் ஊரை வலம் வருகிறார். பருத்திப்பேட்டையில் தவக்கல் மஸ்தான் தர்காவிலும் நின்று செல்கிறார். முகம்மதியப் பெரியாரின் அடக்கத்தலத்தில் அம்மன் கரகம் நின்று மரியாதை செய்வதைக் காண்கிற எவரும், இவ்வழிபாடுகளில் நன்மையே இல்லை என்று கூறத் துணியார்.

ஆனால் இதன் மறுபுறத்தையும் பார்க்கவேண்டும். 1898-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இந்நகரைப் பிளேக் நோய் பற்றியது. மக்கள் அஞ்சிப் 'பிளேக் அம்மா' என்றொரு தெய்வத்தை எழுப்பினர். அக்கோயில்கள் இன்றும் உள. அஞ்சியவர்களை நாம் பழிக்கலாகாது. மருந்தறியாத ஏழை வேறென்ன செய்வான்? எனினும் அந்நோயின் கிருமியை எர்சின் என்பார் 1894-இலேயே கண்டுவிட்டார். எலியின் உண்ணியாகிய தெள்ளுப்பூச்சியால் அது பரவுவதைச் சிமோந்து என்பார் 1898-இல் காட்டினார். நோய் தணிந்ததற்குக் காரணம் எலி ஒழிப்பும், தடுப்பூசியும், நெருக்கம் குறைந்த புதிய குடியிருப்புகளுமே. கோவையில் 2021-இல் கொரோனா தேவிக்குச் சிலை வைத்தனர். அந்நோயைத் தணித்ததும் தடுப்பூசியே. அச்சம் ஒன்றுதான்; அம்மனின் பெயர் மட்டும் காலந்தோறும் மாறிவருகின்றது.

நான் நெசவாலையில் வேலை பார்த்தவன். ஆயுத பூசையன்று இயந்திரங்களுக்குக் குங்குமம் இட்டுப் பூசணி உடைப்போம். சில பகுதிகளில் ஆட்டின் இரத்தமும் தெளிப்பதுண்டு. அவ்வாறு பூசித்த கார்டிங் இயந்திரமே சில திங்களில் ஒரு தொழிலாளியின் விரல்களைப் பறித்தது. "அடுத்த ஆண்டு பெரிய ஆடாக வெட்டவேண்டும்" என்றனர் சிலர். பற்சக்கரத்துக்கு இரும்பு மூடி போடவேண்டும் என்று தொழிலாளர் ஒன்றுகூடிக் கேட்டோம். மூடி வந்த பின்னர் அவ்வியந்திரத்தில் எவர் விரலும் போகவில்லை. காரணத்தை நீக்கினால் காரியம் நீங்கும் என்னும் பகவனின் போதனை எனக்கு முதன்முதல் விளங்கிய இடம் அதுவே.

இன்னும் கொடியதும் உண்டு. சிவமொக்கா மாவட்டத்துச் சந்திரகுத்தியில், ரேணுகாம்பாளுக்கு நேர்ந்துகொண்டு பெண்கள் ஆடையின்றி மலையேறும் வழக்கம் இருந்தது. அப்பெண்களிற் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட குலத்தினர். 1986-இல் தலித் இயக்கத்தார் எதிர்த்தெழுந்த பின்னர் அரசு அதனைத் தடை செய்தது. சிறுமியரைத் தெய்வத்துக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கக் கர்நாடகம் 1982-இல் சட்டம் இயற்றியது. இயற்கை வழிபாடு என்ற இனிய பெயருக்குள் இவையும் மறைந்திருந்தன. அம்மன் திருவிழாவில் பறையடிக்கவும் எருமை வெட்டவும் எவர் அழைக்கப்பட்டனர், கருவறைப் படியில் எவர் நிறுத்தப்பட்டனர் என்பதை உங்கள் பாட்டன்மார் உங்களுக்குச் சொல்லியிருப்பர்.

ததாகதர் காட்டிய வழி

இத்தகைய வழிபாடுகளிடம் பகவன் புத்தர் எங்ஙனம் நடந்துகொண்டார்? நான்கு வரலாறுகளை நினைவுகூர்வோம்.

முதலாவது: சுஜாதை என்னும் பெண், தான் நேர்ந்துகொண்டபடி ஆலமரத் தெய்வத்துக்குப் பாற்சோறு எடுத்து வந்தாள். மரத்தடியில் அமர்ந்திருந்த போதிசத்துவரையே அத்தெய்வம் என்று எண்ணி வணங்கிப் படைத்தாள். "நான் தெய்வமல்லேன், எடுத்துப் போ" என்று அவர் அவளை வெருட்டவில்லை. அவ்வன்னத்தை ஏற்றுண்டே போதியடியில் அமர்ந்தார். மரத்தை வணங்க வந்த ஒரு பெண்ணின் கையால் உண்ட உணவே அவ்விரவுக்கு வலிமை தந்தது.

இரண்டாவது: ஆளவி நகரில் ஒரு பிக்கு மரம் வெட்டினார். அதில் உறைந்த தேவதை வேண்டியும் கேளாமல் வெட்டியதால், அதன் குழந்தை அடிபட்டது. அவரைக் கொன்றுவிட நினைத்த தேவதை, கோபத்தை அடக்கிப் பகவனிடம் சென்று முறையிட்டது. கோபம் அடக்கியதைப் பாராட்டிய பகவன் அதற்கு வேறொரு மரத்தைக் காட்டினார். பிக்குகள் பயிரையும் மரத்தையும் அழிக்கலாகாது என்று விதியும் வகுத்தார். மரத்திலே தேவதை உண்டோ இல்லையோ என்ற வழக்கில் நாம் நாளைக் கழிக்க வேண்டா. மரத்தை வீணாய் வெட்டாதே என்பதே நமக்குரிய விதி.

மூன்றாவது: இராசகிருகத்தில் சிகாலன் என்னும் இளைஞன், ஈர ஆடையும் ஈரத் தலையுமாய் ஆறு திசைகளையும் கைகூப்பித் தொழுதான். இறக்கும் தறுவாயில் தந்தை இட்ட கட்டளை அது. பகவன் அவனைத் தடுக்கவில்லை. திசைகளைத் தொழும் உண்மை முறையைக் கற்பித்தார். கிழக்கு பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர், கீழ்த்திசை ஏவலரும் தொழிலாளரும், மேல்திசை துறவியர். கீழ்த்திசையைத் தொழுவது எங்ஙனம் எனின், வலிமைக்கேற்ற வேலை தருதல், உணவும் கூலியும் குறைவின்றித் தருதல், நோயில் பேணுதல், நல்ல பண்டத்தைப் பகிர்ந்துண்ணுதல், காலமறிந்து ஓய்வளித்தல் என்றார். ஐயாயிரம் தொழிலாளர் ஒரு சங்கொலிக்கு எழுந்தோடிய காலத்தை அறிந்தவர்களே! கீழ்த்திசைக்குத் தேங்காய் உடைப்பது எளிது. கூலி உயர்த்திக் கொடுப்பது அரிது. பகவன் கேட்ட பூசை அந்த அரிய பூசையே.

நான்காவது: அச்சத்தால் உந்தப்பட்ட மக்கள் மலையையும் காட்டையும் சோலையையும் மரத்தையும் புகலிடமாகக் கொள்கின்றனர், அவை உறுதியான புகலிடம் ஆகா, அவற்றை அடைந்தோர் துக்கத்தினின்று விடுபடார் என்று தம்மபதத்தில் பகவன் போதித்தார். மும்மணியையும் நான்கு வாய்மைகளையும் அடைந்தவரே விடுபடுவர் என்பது அதன் முடிவு.

நான்கையும் சேர்த்துப் பாருங்கள். சுஜாதையின் அன்பை ஏற்றார், மரத்தைக் காத்தார், சிகாலனின் சடங்குக்குப் புதுப் பொருள் ஈந்தார், ஆனால் புகலிடம் என்ற இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அவமதியாமையும் அடைக்கலம் புகாமையும் ஒருங்கே நின்ற நிலை அது.

இந்நிலைக்கு நம் கர்நாடகமே ஒரு சான்றை நிலத்துக்குள் வைத்துக் காத்தது. கலபுரகி மாவட்டத்தில் பீமா ஆற்றங்கரையில் சன்னதி என்னும் ஊர். அங்கே சந்திரலாம்பா கோயில் வளாகத்தில் இருந்த காளி கோயிலின் கூரை 1986-இல் இடிந்து விழுந்தது. அதன் பின்னர்க் காளியின் பீடமாய்க் கிடந்த கல்லைப் பார்த்தால், அது அசோகரின் சாசனம்! அதில் பன்னிரண்டாம் சாசனமும் பொறிக்கப்பட்டிருந்தது. தன் சமயத்தை வீணே புகழ்ந்து பிறர் சமயத்தை இகழலாகாது, நாவடக்கமே சமயங்களின் சாரம் வளர வழி என்பது அச்சாசனத்தின் கருத்து. பல நூற்றாண்டு காளி நின்ற இடத்தின் அடியில், பிறர் சமயத்தை இகழாதே என்ற மொழி கிடந்தது. இன்னொரு சாசனத்தில் அவர், நோயிலும் மணத்திலும் பயணத்திலும் மக்கள் செய்யும் மங்கலச் சடங்குகளைச் செய்துகொள்ளட்டும், ஆயினும் அவற்றின் பயன் சிறிது. தம்ம மங்கலத்தின் பயனே பெரிது என்று கூறினார்.

இதன் எதிர்ப்பக்கமும் உண்டு. சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று வணங்கப்பட்டு வந்த சிலை புத்தர் சிலையே என்று தொல்லியல் துறை ஆராய்ந்து உரைத்தது. 2022-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதனை ஏற்று, அச்சிலையை முனியப்பனாகப் பாவித்தல் முறையன்று என்று தீர்ப்பளித்தது. நம் முன்னோர் எதனை எப்பெயரால் வணங்கினர் என்பதை எளிதில் தீர்மானித்துவிட இயலாது. பண்டிதர் அயோத்திதாசர் 1907 முதல் நடத்திய தமிழன் இதழின் வழியே, அம்பிகையம்மன் பௌத்த தவமாது என்று விளக்கினார். மயிலை சீனி வேங்கடசாமி, பௌத்தம் மறைந்த பின் பல பௌத்தக் கோயில்கள் வேறு தெய்வக் கோயில்களாயின என்று எழுதினார். ஆதலின் கிழவி ஒருத்தி வேப்பமரத்தடியில் ஏற்றும் விளக்கை ஊதி அணைக்குமுன், அவ்விளக்கு யார் ஏற்றியதன் மிச்சம் என்று ஒருகணம் எண்ணுங்கள்.

நான்கு உரைகற்கள்

எனின், எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது? நான்கு கேள்விகளால் உரைத்துப் பாருங்கள்.

ஒன்று: இச்சடங்கில் ஓருயிரின் இரத்தம் சிந்துகின்றதா? சிந்துமாயின் முதற்சீலம் உடைந்தது, தள்ளுக.

இரண்டு: இச்சடங்கு ஒருவனை மேலும் ஒருவனைக் கீழும் நிறுத்துகின்றதா? நிறுத்துமாயின், அது நாம் எதனை விட்டு வந்தோமோ அதுவே, தள்ளுக.

மூன்று: செய்யாவிடில் தெய்வம் பழிவாங்கும் என்ற அச்சத்தால் நடக்கின்றதா? அச்சத்தில் கட்டிய கோயில், அச்சத்தை விற்பவனுக்கே வருவாய் தரும். பில்லி, சூனியம், பேயோட்டல் முதலிய கொடுமைகளைத் தடுக்க 2017-இல் கர்நாடகம் சட்டம் இயற்றவேண்டி வந்ததன் காரணம் அதுவே. தள்ளுக.

நான்கு: என் செயலின் பயனை வேறொருவர் மாற்றித் தருவார் என்று நம்பச் செய்கின்றதா? பாவின் இழை அறுந்தால் முடிச்சிட வேண்டியவன் தறியில் நிற்பவனே. தறியைக் கும்பிட்டால் இழை கூடுமோ?

இந்நான்கிலும் தேறியது நமக்கும் உரியது. அரசமரத்துக்கு நீர் வார்த்தல், அறுவடையில் நன்றி கூறல், முன்னோரை நினைந்து ஏழைக்கு உணவிடல், ஆறும் ஏரியும் கெடாமல் காத்தல் ஆகிய இவற்றில் பௌத்தனுக்குத் தடையில்லை. பேகன் நெறியாரிடமிருந்தும் இதனைக் கற்கலாம். அவர்களிடம் கற்பதில் இழிவுமில்லை.

ஆனால் ஒன்றை மறவாதீர். மேல்நாட்டவன் மரத்தடிக்குத் திரும்புகையில், அம்மரத்தடியில் அவனை எட்ட நிற்கச் சொன்னவர் எவரும் இருந்ததில்லை. நாம் திரும்பிச் செல்லவேண்டிய மரத்தடியிலோ, நமக்கென்று ஓர் இடம் முன்னரே குறிக்கப்பட்டிருக்கின்றது. 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் 22 உறுதிமொழிகளை வகுத்தளித்ததன் காரணம் இதுவே. பழைய தெய்வங்களின்மேல் அவர்க்குப் பகையன்று. அத்தெய்வங்களின் நிழலில் நமக்குக் குறிக்கப்பட்ட இடத்தின்மேலே பகை. ஆகவே ஐரோப்பியர் திரும்பினர் என்பது நாம் திரும்புவதற்குக் காரணம் ஆகாது.

இல்லத்தில் செய்யவேண்டுவது

உபாசகர்களே! உங்கள் தாய் மாரிக்குக் கூழ் வார்த்தால், அவரோடு சண்டையிட்டுப் பானையை உடையாதீர். கூழை வாங்கித் தெருப்பிள்ளைகளுக்குப் பகிர்ந்தளிக்க அவருக்குத் துணை நில்லுங்கள், அது தானம். கோழி அறுக்கச் சொன்னால், "அம்மா, அவ்வுயிருக்கும் தாய் உண்டு" என்று மெல்லச் சொல்லுங்கள், அது சீலம். குழந்தைக்கு அம்மை கண்டால் வேப்பிலை கட்டுவதைத் தடுக்க வேண்டா. மருத்துவரிடம் கொண்டு செல்வதை ஒருநாளும் தாமதிக்க வேண்டா. பெரியம்மை 1980-இல் உலகினின்றே ஒழிந்தது என்று அறிவிக்கப்பட்டது தடுப்பூசியால் என்பதைப் பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டியின் முன்னிலையிலேயே அன்போடு எடுத்துரையுங்கள், அது ஞானம்.

உபாசிகைகளே! மாமியார் அம்மன் கோயிலுக்கு அழைத்தால், துணையாகச் செல்வதில் குற்றமில்லை. முதியவரைத் தாங்கிச் செல்வது கிழக்குத் திசையைத் தொழுவதாகும். ஆயின் அங்கே எவளையேனும் சாமி வந்தவள் என்று சாட்டையால் அடிப்பதைக் கண்டால் வாய்மூடி நில்லாதீர்கள்.

இல்லத்தின் ஒரு மூலையில் மும்மணிக்கு விளக்கேற்றுங்கள். வாயிலில் ஒரு மரம் நடுங்கள். பௌர்ணமிதோறும் குடும்பமாய் அமர்ந்து திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதுங்கள். முதியவரின் அம்மன் விளக்கு அருகே எரிந்தால் எரியட்டும். அதன் ஒளியிலும் உங்கள் பிள்ளை தம்ம நூலைப் படிக்கலாம்.

அச்சமின்றி வாழ்வீராக, எவரையும் அச்சுறுத்தாது வாழ்வீராக. மரமும் விலங்கும் மனிதரும் நலம் பெறுக.

சாது! சாது! சாது!